டென்னிஸ் ரிச்சி: மெமரியை புரோகிராமர் கையில் கொடுத்த மனிதர்... 'ரீஅலாக்' என்றால் என்ன?

2011 அக்டோபர் 5-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது உலகமே அதைப் பத்தித்தான் பேசியது. ஒரே வாரத்தில், அக்டோபர் 12 அன்று, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் தனியாக வசித்த 70 வயதுக்காரர் ஒருவர் வீட்டில் இறந்து கிடந்தார். அது பெரிய செய்தியாகவில்லை. ஆனா ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டின் அடித்தளமும் அவர் உருவாக்கிய சி மொழியில்தான் இருக்கு. அவர்தான் டென்னிஸ் ரிச்சி.

யார் இந்த ரிச்சி?

1941 செப்டம்பர் 9-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா அலிஸ்டர் ரிச்சி, பெல் ஆய்வகத்தின் விஞ்ஞானி. ஹார்வர்டில் இயற்பியல் படித்த டென்னிஸ், 1967-ல் அதே ஆய்வகத்தில் சேர்ந்தார். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதியும் பட்டம் வாங்காமலே விட்டுட்டார்.

1969-ல் கென் தாம்சன் பழைய பிடிபி-7 கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்க, ரிச்சியும் கைகோத்தார். அந்தக் கணினியின் மொத்த மெமரி, இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட். நாம வாட்ஸ்அப்பில் அனுப்புற ஒரு போட்டோகூட அதில் அடங்காது. அடுத்து வந்த பிடிபி-11-லும் 24 கிலோபைட்தான். அதில்தான், தாம்சனின் பி மொழியை விரிவாக்கி 1971 முதல் 1973 வரை சி மொழியை ரிச்சி உருவாக்கினார்.

ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவு பண்ண காலம் அது. அதனால், மெமரியைப் பின்னாலிருந்து கண்காணிக்கும் ஏற்பாடு எதுவும் சி-யில் கிடையாது. கேட்டு வாங்குவது, திருப்பிக் கொடுப்பது எல்லாம் புரோகிராமர் பொறுப்பு.

'ரீஅலாக்' எப்படி வேலை செய்யுது?

புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்குகிற மெமரிப் பகுதிக்கு 'ஹீப்' என்று பெயர். வாங்கிய இடத்தின் அளவை மாற்றித் தருவதுதான் 'ரீஅலாக்'. 1979-ல் வெளியான யூனிக்ஸ் 7-ம் பதிப்பிலேயே இது இருந்தது.

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் வரிசையாக இருக்கும் உப்புப் பாத்திகளை வைத்து இதை எளிதாகப் புரிஞ்சுக்கலாம். ஒருத்தர் அங்கே 10 பாத்தி குத்தகைக்கு எடுத்திருக்கார்னு வச்சுக்குவோம். இப்போ அவருக்குச் சேர்ந்தாற்போல 15 வேணும். பக்கத்தில் 5 பாத்தி சும்மா கிடந்தா, அதையே சேர்த்துக் கொடுத்துடலாம். அங்கே வேறொருத்தர் உப்பு வாரிக்கிட்டு இருந்தா? வேற இடத்தில் 15 பாத்தி பார்த்து, பழைய பாத்திகளில் உள்ள உப்பை அங்கே மாத்திட்டு, பழைய இடத்தை விட்டுக்கொடுக்கணும்.

ரீஅலாக் செய்வதும் இதேதான். பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேயே நீட்டும். இல்லைன்னா புதிய இடம் பிடித்து, பழைய தகவலை நகலெடுத்து, பழைய இடத்தை விடுவித்து, புது முகவரியைத் தரும்.

எங்கே சிக்கல் வருது?

* இடம் மாறினால் முகவரியும் மாறும். பழைய முகவரிக்கே கூடையோட போனால், அந்தப் பாத்தி இப்போ வேறொருத்தர் கையில் இருக்கலாம்.

* இடமே கிடைக்கலைன்னா ரீஅலாக் வெற்று முகவரியைத் தரும். பழைய தகவல் அப்படியே பத்திரமா இருக்கும். ஆனா வந்த விடையை, பழைய முகவரி இருந்த மாறியிலேயே எழுதிட்டா, அந்த இடத்தைப் பயன்படுத்தவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. 'மெமரி லீக்' என்பது இதுதான். அதனால விடையை முதலில் வேறொரு மாறியில் வாங்கிப் பார்ப்பதே பாதுகாப்பு.

இன்றும் தொடரும் விவாதம்

இந்தத் தவறுகளை சி மொழி தடுக்காது. தாக்குபவர்களுக்கு இதுவே வாசல். தனது மென்பொருட்களில் ஆண்டுதோறும் சரிசெய்யப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி தொடர்பானவை என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையும், மெமரி பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மவுசு கூடியிருப்பதும் இதனால்தான்.

ரிச்சிக்கும் தாம்சனுக்கும் 1983-ல் டூரிங் விருது கிடைத்தது. 2007-ல் ரிச்சி ஓய்வுபெற்றார். 24 கிலோபைட் கணினியில் காவலுக்கு ஆள் வைக்க இடமில்லை. இன்றைய கணினிகளில் அந்த இடம் இருக்கு. ஆனா அவர் மொழியில் எழுதப்பட்ட கோடிக்கணக்கான வரிகளை ஒரே நாளில் மாற்றி எழுத முடியாது. அதுவரை முகவரியைச் சரிபார்க்கும் வேலை புரோகிராமருடையதுதான்.