டாக்டர் லெக்கின் ராஜிநாமா

சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் ஜீவிய சரித்திரத்தை எழுதுவோர் சிலரே. அதை விரும்பிப் படிப்போர் அதனினும் சிலர். உத்தியோகத்தில் அமர்ந்தார், படிப்படியாக உயர்ந்தார், பட்டம் பெற்றார், ஓய்வு பெற்றார், காலமானார் என்று நான்கு வரிகளில் பெரும்பாலோருடைய கதை முடிந்துவிடும். பிரிட்டிஷ் சர்க்காரில் தொழிற்சாலைகளின் முதல் வைத்திய இன்ஸ்பெக்டராக 1898 முதல் 1926 வரை வேலை பார்த்த ஸர் தாமஸ் மாரிஸன் லெக்கின் கதையும் முக்கால் பங்கு இவ்வாறே செல்வதுதான். ஆயினும் பட்டம் பெற்ற மறு வருஷமே, கட்டிடங்களுக்கு வர்ணம் பூசும் தொழிலாளிகளின் பொருட்டு அவர் தமது உத்தியோகத்தை உதறிவிட்டு வெளியேறினார். அதன் காரணத்தை நமது நேயர்கள் அறிந்திருப்பது நலமென்று கருதி அவருடைய வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

அவர் பிறந்தது 1863-ம் வருஷம் ஹாங்காங்கில். தகப்பனார் ஜேம்ஸ் லெக், கிறிஸ்தவப் பாதிரியாராகச் சீன தேசம் சென்று, கன்பூஷியஸ் முதலிய பண்டைச் சீன ஞானிகளின் நூல்களை இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் புகழ் பெற்றவர். பின்னர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் முதல் சீன மொழி ஆசிரியராக விளங்கியவர். மகனும் ஆக்ஸ்போர்டிலேயே கல்வி கற்று, லண்டனில் ஸெயிண்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயின்றார். வைத்தியத் தொழில் நடத்திப் பொருள் திரட்ட அவருக்கு வழியில்லாமலில்லை. அவருடைய மனமோ பொதுஜன சுகாதாரத்தில் ஈடுபட்டது. ஐரோப்பியத் தலைநகரங்களில் சுகாதார நிர்வாகம் நடக்கும் விதத்தைப் பற்றி 1896-ல் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

அதற்கு முந்திய வருஷம் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்திருந்தது. தொழிற்சாலைகளில் ஈயம், பாஸ்பரஸ், பாஷாணம் ஆகியவற்றின் விஷத்தாலோ, அடைப்பான் நோயாலோ பீடிக்கப்பட்டவர் எவரேனும் வைத்தியரிடம் வந்தால், வைத்தியர் அதை உள்நாட்டு இலாகாவுக்கு அறிவிக்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி. அறிக்கைகள் வந்து குவிந்தன. இயந்திரங்களையும் வேலை நேரத்தையும் பார்த்துப் பழகிய இன்ஸ்பெக்டர்களுக்கு நோயாளியின் நாடியைப் பார்க்கத் தெரியாது. ஆகவே 1898-ல் வைத்திய இன்ஸ்பெக்டர் என்ற புதிய உத்தியோகம் உண்டாக்கப்பட்டு, லெக் அதில் நியமிக்கப்பட்டார். தேசம் முழுமைக்கும் அவர் ஒருவரே. பத்து வருஷம் கழித்தே அவருக்குத் துணையாக இன்னொரு வைத்தியர் வந்தார்.

அறிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை ஈய விஷத்தைப் பற்றியவை. 1900-ல் மட்டும் அத்தகைய அறிக்கைகள் ஆயிரத்துக்கு மேல் வந்தன. ஈயம் என்றால் நம்மவருக்கு ரசம் வைக்கும் பாத்திரம் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். இங்கே நாம் கூறுவது கனமான காரீயம். அதைத் தகடுகளாக்கிக் காடிச் சட்டிகளின்மேல் அடுக்கி, மரப்பட்டைத் தூளால் மூடிப் பல வாரம் புழுங்கவிட்டால், தகட்டின்மேல் வெண்மையான பற்றுப் படியும். அந்தப் பற்றுத்தான் ஈய வெள்ளை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினால் சுவரையும் மரத்தையும் நன்றாக மூடிக்கொண்டு நெடுநாள் உழைக்கும். ஐரோப்பாவில் மாளிகை முதல் குடிசை வரை கதவுகளும் ஜன்னல்களும் பளபளத்தது இதனாலேயே. அடுக்குகளைக் கலைத்து அந்த வெண்பற்றைச் சுமந்து செல்லும் வேலையை இங்கிலாந்தில் நெடுங்காலம் ஏழைப் பெண்கள் செய்து வந்தார்கள். அவ்வேலையின் மிக அபாயமான பகுதிகளில் பெண்களை வைக்கலாகாதென்ற தடை பிறந்ததும் லெக் பதவியேற்ற அந்த 1898-ம் வருஷமே.

ஈய விஷம் பாம்பின் விஷத்தைப் போல உடனே கொல்லுவதில்லை. முகம் வெளுக்கும், ஈறுகளின் விளிம்பில் நீலக் கோடு தோன்றும், மலம் கட்டிக்கொண்டு வயிற்றைப் பிசையும் சூலை வரும். பிறகு மணிக்கட்டு விழுந்து, தூரிகையைப் பிடித்த கை தூக்க முடியாமல் தொங்கும். முற்றிய நிலையில் வலிப்பும், கண் பார்வை இழப்பும், மரணமும் சம்பவிக்கும். பெண்களுக்குக் கர்ப்பம் தங்காது. இவையெல்லாம் தொழிலாளியின் அசுத்தப் பழக்கத்தால் வருபவை, கையைக் கழுவாமல் சாப்பிடுவதால் விளைபவை என்பதே அக்காலத்தில் முதலாளிகள் பலருக்கும், ஏன், வைத்தியர்கள் சிலருக்கும் இருந்த அபிப்பிராயம். சௌகரியமான அபிப்பிராயந்தான்! நோயாளியே குற்றவாளியாகிவிட்டால் மற்றவருக்கு வேலையில்லை.

லெக் இதை ஏற்கவில்லை. எந்த ஆலையில், எந்த அறையில், எந்த வேலையில் நோய் உண்டாயிற்று என்று அறிக்கைகளை வகைப்படுத்தி, இடங்களை நேரில் சென்று பார்த்தார். எங்கே புழுதியும் ஆவியும் எழுந்தனவோ அங்கேதான் நோய் மிகுந்திருந்தது. கையிலிருந்து வாய்க்குப் போவதைக் காட்டிலும் மூச்சோடு உட்செல்லும் ஈயமே பெருங்கேடு செய்கிறதென்று அவர் நிச்சயித்தார். கென்னத் கோட்பி என்ற வைத்தியருடன் சேர்ந்து 1912-ல் வெளியிட்ட ஈய விஷ நூலில் இதைப் பரிசோதனைகளின் ஆதாரத்தோடு நிலைநாட்டினார். காரணம் மாறியதும் பரிகாரமும் மாறியது. புழுதி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளையும் குழாய்களையும் அமைப்பது முதலாளியின் கடமையாயிற்று. மகாயுத்தம் தொடங்குவதற்கு முன் ஈய விஷ அறிக்கைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

மற்ற நோய்களிலும் அவர் கவனம் சென்றது. வெள்ளைப் பாஸ்பரஸைக் கொண்டு தீக்குச்சி செய்தவர்களுக்குத் தாடையெலும்பு அழுகிப் போவதுண்டு. அப்பொருளை அறவே விலக்க 1906-ல் பெர்ன் நகரில் சில தேசங்கள் ஒப்பந்தம் செய்தபோது பிரிட்டன் கையெழுத்திட மறுத்தது. இரண்டே வருஷத்தில் மனம் மாறி 1908-ல் தடைச் சட்டம் இயற்றியது. கம்பளி ஆலைகளில் வெளிநாட்டு ரோமத்தின் வழியாகப் பரவிய அடைப்பான் நோயைப் பற்றி லெக் நெடுநாள் ஆராய்ந்தார். 1919-ல் பிறந்த சட்டத்தின்படி லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. நமது தேசத்திலிருந்து சென்ற ஆட்டு ரோமமும் அதனுள் புகுந்தே பிராட்போர்டு ஆலைகளுக்குப் போகவேண்டியதாயிற்று. தொழிலாளியை எச்சரித்துப் பயனில்லை, விஷம் அவனிடம் வருமுன்பே அதை நீக்கிவிட வேண்டும் என்ற கொள்கை இவ்விரு விஷயங்களிலும் வெற்றி பெற்றதை அவர் கண்ணாரக் கண்டார். பின்னால் நடந்ததை உணர இது அவசியம்.

எஞ்சி நின்றது கட்டிட வேலை. ஆலைக்கு நான்கு சுவருண்டு, வாசலுண்டு, முதலாளியின் பெயர்ப் பலகையுண்டு. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து பார்க்கலாம். வீட்டுக்கு வர்ணம் பூசுகிறவனோ இன்று ஒரு தெருவில், நாளை வேறொரு தெருவில். அவனுக்கு ஏணியும் சாரமுமே தொழிற்சாலை. தொழிற்சாலைச் சட்டம் அவனைத் தொடவில்லை; அவன் நோயை அறிவிக்கும் கட்டாயமும் இல்லை. அவன் இறந்த பிறகு மரணச் சான்றிதழில் ஈயம் என்று எழுதியிருந்தால் கணக்கில் ஏறுவான். அவனைக் கெடுத்தது புதிதாகப் பூசும் வேலையைவிடப் பழைய பூச்சைத் தேய்த்தெடுக்கும் வேலைதான். காய்ந்த ஈய வர்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் மெல்லிய தூள், மூடிய அறையில் அவன் முகத்தின் முன்பே மிதந்துகொண்டிருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமலா போயிற்று? பாரிஸ் நகரில் வர்ண வேலைக் காண்டிராக்டரான லெக்லேர் என்பவர் 1840-க்குப் பிந்திய வருஷங்களிலேயே ஈய வெள்ளைக்குப் பதிலாகத் துத்தநாக வெள்ளையைப் பூசிக் காட்டினார். பிரெஞ்சு சர்க்கார் 1909-ல் சட்டம் செய்து, கட்டிட வேலைகளில் ஈய வெள்ளையை விலக்க ஐந்து வருஷ அவகாசம் கொடுத்தது. பிரிட்டனிலும் 1911-ல் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. தடையே வேண்டுமென்று அது 1915-ல் சிபார்சு செய்தது. யுத்த காலம், சிபார்சு அலமாரியில் உறங்கியது.

யுத்தத்துக்குப் பிறகு சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஏற்பட்டது. 1921-ல் ஜெனீவாவில் கூடிய அதன் மூன்றாவது மகாநாட்டில் ஈய வெள்ளை விவாதத்துக்கு வந்தது. ஈயச் சுரங்கங்களும் வர்ண ஆலைகளும் உடையவர்கள் ஒருபுறம், தொழிற்சங்கத்தார் மறுபுறம். முடிவில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. அதை உருவாக்கியதில் லெக்குக்கும் பங்கு உண்டு. கட்டிடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசலாகாது. ரயில்வே ஸ்டேஷன்கள், தொழிற்சாலைகள் போன்றவற்றில் அவசியமென்று அதிகாரிகள் கருதினால் மட்டும் விலக்கு. பதினெட்டு வயது நிரம்பாத இளைஞரையும், பெண்களையும் ஈய வர்ண வேலையில் வைக்கலாகாது. வெளிப்புறத்தில் பூசும்போது கழுவ வசதியும் மேலங்கியும் கொடுக்க வேண்டும், உலர்த் தேய்ப்பால் எழும் தூளைத் தடுக்க வேண்டும். ஒப்பந்தத்தின் சாரம் இவ்வளவே. இது சமரசம், வெளிப்புறச் சுவரை ஈயத்துக்கு விட்டுக்கொடுத்த சமரசம். ஆனாலும் மூடிய அறையிலிருந்து விஷத்தை வெளியேற்றியது.

பிரிட்டிஷ் சர்க்கார் இதை அங்கீகரிப்பதற்குப் பதிலாக இன்னொரு கமிட்டியை நியமித்தது. ஸர் ஹென்றி நார்மன் தலைமையில் அமைந்த அக்கமிட்டி 1923-ல் வேறொரு யோசனை சொல்லிற்று. தண்ணீரில் நனையாத புதுவகை உப்புத்தாள் வந்துவிட்டது. சுவரை நனைத்துவிட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. ஆகவே தடை வேண்டாம், விதிகள் போதும் என்பது அதன் முடிவு. ஈய வியாபாரிகளுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன?

அந்த யோசனை முற்றும் மூடத்தனமானதென்று நாம் சொல்லமாட்டோம். நனைத்துத் தேய்த்தால் தூள் குறையும் என்பது உண்மையே. லெக்கும் அதை மறுத்தவரல்லர். ஆனால் சாரத்தின்மேல் நிற்பவன் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொண்டுவந்து நனைப்பானா? வேலை முடியவில்லையென்று மேஸ்திரி அவசரப்படுத்தும்போது நனைப்பானா? ஆயிரம் தெருக்களில் சிதறிக் கிடக்கும் வேலையை எந்த இன்ஸ்பெக்டர் போய்ப் பார்ப்பார்? முகமூடி, கையுறை, கண்ணாடி, கழுவுமிடம் ஆகிய சாதனங்கள் தொழிலாளியின் மனத்தையும் சௌகரியத்தையும் பொறுத்தவை. ஓரளவுக்குப் பயன்படும், முற்றும் காக்கமாட்டா என்பது இருபது வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவத்தில் அவர் கண்ட உண்மை. முதலாளி தான் செய்யக்கூடிய அனைத்தையும் செய்து முடிக்கும் வரையில் தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமேயில்லை என்று அவர் உறுதியாக நம்பினார்.

1925-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. 1926-ல் பால்ட்வின் மந்திரி சபையில் உள்நாட்டு மந்திரியாயிருந்த ஸர் வில்லியம் ஜாயின்ஸன்-ஹிக்ஸ், ஜெனீவா ஒப்பந்தத்தை அங்கீகரிக்காமல், விதிகளை மட்டும் வகுக்கும் மசோதாவைப் பார்லிமெண்டுக்குக் கொண்டுவந்தார். சர்க்காரின் வைத்தியர் என்ற முறையில் லெக் அந்த விதிகளை நடத்திவைக்க வேண்டியவர். தாம் போதாதென்று அறிந்ததைப் போதுமென்று ஊருக்குச் சொல்லி, அதற்குத் தமது பெயரையும் அனுபவத்தையும் இரவல் கொடுக்க வேண்டும். அவர் அதற்கு இசையவில்லை, ராஜிநாமாச் செய்தார்.

அவர் இருந்துகொண்டே போராடியிருக்கலாம், உள்ளேயிருக்கும் நல்லவர் வெளியேறினால் அவ்விடத்தில் சொன்னபடி ஆடுபவர் வந்து அமர்வார் என்று சொல்வோர் உண்டு. இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவர் போன பிறகும் அந்த இலாகா ஒழுங்காகவே நடந்தது. அவருடைய ராஜிநாமாவால் மசோதாவும் நிற்கவில்லை, அவ்வருஷ முடிவிலேயே சட்டமாயிற்று. பெண்களையும் இளைஞரையும் ஈய வர்ணம் பூசுவதிலிருந்து விலக்கியதும், உலர்த் தேய்ப்பைத் தடுத்ததும் அச்சட்டத்தால் விளைந்த நன்மைகளே. ஆயினும் இருபத்தெட்டு வருஷம் உழைத்தவர், அறுபத்து மூன்றாம் வயதில், தாம் முகமறியாத வர்ணக்காரர்களின் பொருட்டுத் தம் மேஜையை விட்டு எழுந்து போனார் என்பது அந்த இலாகாவில் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அதுவும் ஒரு போராட்டமே என்று நாம் எண்ணுகிறோம்.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. சில வருஷங்களில் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவரைத் தனது வைத்திய ஆலோசகராக ஏற்றுக்கொண்டது. யாருடைய ஈறுகளை இத்தனை காலம் சர்க்கார் சார்பில் பரிசோதித்தாரோ, அவர்களுடைய ஸ்தாபனத்துக்கே கடைசிக் காலத்தில் ஊழியம் செய்தார். 1932-ல் காலமானார். தொழில் நோய்களைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல் 1934-ல் வெளிவந்தது. தான் கையாளும் பொருளின் அபாயத்தைத் தொழிலாளி தன் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடிக்கும்படி விடலாகாது, முன்கூட்டியே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அதில் வற்புறுத்துகிறார். ஓரளவுக்கே பயன்படும் சாதனங்களின் ஜாபிதாவும் அந்நூலில் இருக்கிறது. முகமூடி, கையுறை, கண்ணாடி, கழுவுமிடம் என்று அடுக்கி வந்து, கடைசியில் அந்த நனையாத உப்புத்தாளையும் சேர்த்திருக்கிறார்.

ஜெனீவா ஒப்பந்தத்தைப் பிரிட்டன் அங்கீகரிக்கவேயில்லை. ஈய வெள்ளை கலந்த வர்ணங்களைப் பொதுஜன உபயோகத்திலிருந்து அது விலக்கியது 1992-ல். நமது தேசத்தில் வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2016-ல் பிறந்து மறுவருஷம் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய சுவர்களும் கதவுகளும் நம் ஊர்களில் எத்தனையோ நிற்கின்றன. அவற்றைத் தேய்த்தெடுப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த உப்புத்தாளால்தான் தேய்க்கிறார்கள்.