வில்ஹெல்ம் மைபாக்

பழைய பந்தய வண்டியைப் போன்றதொரு வண்டியை அமைக்க விழையும் புதுவை இளைஞர், அதன் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் ஒன்று போதுமோ, இரண்டு வேண்டுமோ என வழக்கிடுவதுண்டு. அவ்வினாவுக்கு வழிகாட்டுவது வில்ஹெல்ம் மைபாக்கின் வாழ்க்கையாகும்.

இவர் 1846-ஆம் ஆண்டு ஜெர்மனியில், ஹைல்பிரான் நகரில், தச்சர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். பத்து வயதிற் பெற்றோரை இழந்து நின்ற இவரை, குஸ்தாவ் வெர்னர் என்னும் இறைப்பணியாளர் ராய்ட்லிங்கன் நகரில் நடத்திய அறநிலையம் ஏற்று வளர்த்தது. ஆண்டு இவருடைய வரைதிறன் வெளிப்பட்டது. அந்நிலையத்துத் தொழிற்சாலைக்குத் தலைவராய் வந்த காட்லீப் டெய்ம்லர் இவரைத் தம் துணைவராக்கிக் கொண்டார்.

அக்காலக் கார்புரேட்டர்களிற் காற்றானது பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவி ஆவியைக் கொண்டு செல்லும். ஆதலின் கலவை ஒருநிலைப்படாது. மைபாக் 1893-ல் மிதவையொன்றாற் பெட்ரோலை ஒரே மட்டத்தில் நிறுத்தினார். எஞ்சின் இழுக்குங் காற்றே அதனை நுண்துளை வழியே தூவலாய்க் கவருமாறும் செய்தார்.

1900-ல் டெய்ம்லர் மறைந்தார். அவ்வாண்டிலேயே எமில் எல்லினெக் என்னும் வணிகர் விரைவுமிக்க வண்டியொன்றை வேண்டினார். தனித்து நின்ற மைபாக் 35 குதிரைத்திறனுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினை வகுத்தார். ஒரு பெரிய கார்புரேட்டரை நாடாது, இரு சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டினைப் பொருத்தினார். எல்லினெக் மகளின் பெயரால் மெர்செடிஸ் எனப்பட்ட அவ்வண்டி, 1901-ல் பிரெஞ்சு நாட்டு நீஸ் நகரப் போட்டிகளில் வெற்றி கண்டது.

மைபாக் 1929-ல் மறைந்தார். கார்புரேட்டரின் பருமையோ எண்ணிக்கையோ மட்டும் போதாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய பங்கினை ஒப்ப அளித்தலும் வேண்டும். தாயற்ற சிறுவனுக்கும் உரிய பங்கினை மறாது அளித்த இல்லத்தில் வளர்ந்தவர் இதனை உணர்ந்தது வியப்பன்று.