மின்காப்புக் கணக்கும் ஓர் அகதியும்

பிரான்காச்சோ ரயில் நிலையத்தில் அண்ணாந்து பார்த்தால், 3000 வோல்ற் மின்கம்பியைத் தூணோடு சேரவிடாமல் தாங்கும் காப்பான்கள் தெரியும். அப்படியான மின்கடத்தாப் பொருளுக்குள் நடப்பதற்கு முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் எம்மைப் போல நாட்டைவிட்டு ஓடியவர்.

ஒத்தாவியானோ மொசோட்டி 1791இல் வட இத்தாலியின் நொவாராவில் பிறந்தார். அப்போது ஒஸ்திரியாவின் கையில் இருந்த மிலானில், பிரேரா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். பொலிசாரின் சந்தேகப் பார்வை விழ, 1823இல் சுவிசுக்குத் தப்பினார். பிறகு இலண்டன். அங்கிருந்து கடல் கடந்து புவனஸ் அயர்ஸ் போய்ப் பௌதிகம் படிப்பித்தார்.

1835இல் பொலோஞ்ஞாவில் பதவி கிடைக்கிறது என்று நம்பித் திரும்பி வந்தார். பாப்பரசரின் அரசு மறுத்துவிட்டது. வந்தவனை ஊர் ஏற்காத வலியை எமது வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. மீண்டும் பெட்டியைத் தூக்கி கோர்ஃபு தீவுக்குப் போனார். 1840இல்தான் பிசா பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது.

மின்சாரத்தைக் கடத்தாத பொருளும் சும்மா இருப்பதில்லை என்று ஃபரடே காட்டியிருந்தார். மின்புலத்தில் அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நேர்மின்னும் எதிர்மின்னும் சற்று விலகும். இந்தச் சிறு விலகல்களிலிருந்து முழுப் பொருளின் குணத்தைக் கணிக்கும் வழியை மொசோட்டி எழுதினார். 1879இல் ஜேர்மன் அறிஞர் கிளவுசியஸ் அதைச் செம்மைப்படுத்த, சமன்பாட்டுக்கு இருவர் பெயரும் நிலைத்தது.

1848 மே மாதம், 57 வயதில், பிசா மாணவர் படைக்குத் தலைமை தாங்கி, குர்த்தாத்தோனேயில் அதே ஒஸ்திரியாவை எதிர்த்து நின்றார் இந்தக் கணக்கு வாத்தியார். 1861இல் ஒன்றுபட்ட இத்தாலியின் செனற்றர் ஆனார். 1863இல் பிசாவிலேயே காலமானார்.