பல்லாவரத்துக் கல்லும் புரூஸ் ஃபுட்டும்

பேராக், லெங்கோங்கில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி நாம் இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால், தானாக உடைந்த கல் எது, மனிதன் உடைத்த கல் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் வாழ்க்கையில்தான். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று போற்றப்படுபவர் இவர்.

1834-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்த ஃபுட், 1858-இல் தமது 24ஆம் வயதில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாறைகளை ஆராய்வதும் நிலவியல் வரைபடம் தயாரிப்பதும் அவருடைய பணி. கற்கருவி தேடும்படி யாரும் அவரைப் பணிக்கவில்லை.

அப்போது ஐரோப்பாவில் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சிக்கிமுக்கிக் கல்லால் ஆன கோடரிகள் கிடைத்திருந்தன. அவை மனிதன் செய்தவையே என்று பிரெஸ்ட்விச், இவான்ஸ் ஆகிய ஆங்கிலேய அறிஞர்கள் 1859-இல் நேரில் சென்று பார்த்து உறுதிப்படுத்தினர். மனித வரலாறு சில ஆயிரம் ஆண்டுகளே என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது. இதை அறிந்த ஃபுட், தென்னிந்திய மண்ணிலும் அத்தகைய கருவிகள் இருக்கக்கூடும் என்று எண்ணித் தேடத் தொடங்கினார்.

1863 மே 30 அன்று, சென்னைக்கு அருகே பல்லாவரம் ராணுவ மைதானத்தில், சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் அவர் ஒரு கல்லை எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அது சிக்கிமுக்கிக் கல் அன்று; குவார்ட்சைட் என்னும் வேறு வகைக் கல். ஐரோப்பியக் கருவிகளைப் போல் இல்லையே என்று அவர் அதை வீசியெறிந்திருக்கலாம். ஆனால், அவர் கவனித்தது அதிலிருந்த அடித்தடங்களை.

அக்கால மனிதன் ஒரு கல்லை ஒரு கையில் பிடித்து, மறு கையிலிருந்த கடினமான கல்லால் அதன் விளிம்பில் சாய்வாக அடித்தான். ஒரு சில்லு பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் சிப்பியின் உட்புறம் போன்ற குழிவு விழுந்தது. பிறகு கல்லைத் திருப்பி மறுபக்கம் அடித்தான். இப்படி மாறி மாறி அடிக்க, இரு பக்கக் குழிவுகளும் சந்திக்கும் இடத்தில் கூரான விளிம்பு உருவானது. ஆற்றில் உருண்டு உடையும் கல்லில் அடிகள் கண்டபடி விழும். கைக்கோடரியிலோ ஒவ்வோர் அடியும் ஒரே வடிவத்தை நோக்கியே விழுந்திருக்கும். கல்லின் வகை மாறினாலும் இந்தச் சான்று மாறாது.

அதே ஆண்டு செப்டம்பரில், சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் அவர் கருவிகளைக் கண்டெடுத்தார். 1866-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1891-இல் பணி ஓய்வு பெற்ற பிறகும் தேடலை விடவில்லை. கண்டெடுத்த கருவிகள் எந்தெந்த இடத்தில் கிடைத்தன என்று குறித்துவைத்தார். அவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. 1912-இல் அவர் மறைந்த பிறகே அதன் விவரப் பட்டியல் நூலாக வெளிவந்தது.

அந்தக் கருவிகளின் வயதை அளக்கும் முறை ஃபுட் காலத்தில் இல்லை. ஆனால், இடத்தை அவர் குறித்து வைத்திருந்ததால், பிற்கால ஆய்வாளர்கள் அத்திரம்பாக்கத்துக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது. அங்கு அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தனர்.

கூர்ந்து பார்ப்பதும் பார்த்ததை ஒழுங்காகக் குறித்து வைப்பதும் சாதாரணப் பழக்கங்கள்தான். ஃபுட் அவற்றைக் கைவிட்டிருந்தால், 15 லட்சம் ஆண்டு வரலாறு சாலைக்குச் சரளையாகப் போயிருக்கும்.