மண்ணை வாசித்த அறிஞர் தெரணியகல

ஈழநாட்டின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நம்மவர் இரு விதமாக விடை கூறக் கேட்டிருக்கிறேன். ஒரு சாரார் விசயன் கரையிறங்கிய கதையிலிருந்து தொடங்குவர். மற்றொரு சாரார் இயக்கரும் நாகரும் ஆண்ட காலத்திலிருந்து தொடங்குவர். இவ்விரு தொடக்கங்களுக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இம்மண்ணில் மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு எலும்பையும் கல்லையும் சான்றாகக் கொண்டுவந்து வைத்தவர் போலஸ் எட்வேர்ட் பீரிஸ் தெரணியகல. தென்னிலங்கையில் பெரிதும் போற்றப்படும் இவ்வறிஞரை வன்னியில் அறிந்தவர் மிகச் சிலரே. துணுக்காயில் வாழும் நான் அவருடைய வரலாற்றை எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

தெரணியகல 1900 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சேர் போல் பீரிஸ் நீதித்துறையிலும் வரலாற்றுத் துறையிலும் புகழ் ஈட்டியவர். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் தொன்மையை 1917 ஆம் ஆண்டளவிலேயே ஆராய்ந்து எழுதியவர் அவர். எனவே வடபுலத்து மண்ணுக்கும் அக்குடும்பத்துக்கும் உள்ள உறவு மகன் காலத்தில் தோன்றியதன்று. தம்பியாராகிய ஜஸ்டின் தெரணியகல ஓவியக்கலையில் உலகறிந்த பெயர் பெற்றார். தமையனாரோ உயிரினங்களின்பால் நாட்டங் கொண்டார். கேம்பிரிட்ஜிலும் பின்னர் அமெரிக்காவின் ஹார்வார்டிலும் பயின்று தாயகம் திரும்பிய அவர், முதலிற் கடல்வாழ் உயிர்களை ஆராயும் பணியில் அமர்ந்தார். மீன், கடலாமை, பல்லி, பாம்பு, முதலை ஆகியவற்றை ஒவ்வொன்றாக அளந்தும் வரைந்தும் பதிந்தார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் இலங்கைப் பாம்பினம் ஒன்றுக்கும் அரணையினம் ஒன்றுக்கும் அவர் பெயரையே இட்டனர்.

1939 ஆம் ஆண்டு அவர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளரானார். 1963 வரை அப்பதவியில் இருந்தார். நூதனசாலைப் பணிப்பாளர் என்றாற் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் காவலர் என்றே பலரும் எண்ணுவர். தெரணியகலவோ பெட்டிக்குள் இருப்பதைக் காட்டிலும் மண்ணுக்குள் இருப்பதையே பெரிதாக மதித்தார்.

இரத்தினபுரியில் மாணிக்கம் அகழ்வோர் வயலிலே குழி தோண்டிக் களியையும் மணலையும் கடந்து சென்று, அடியில் உள்ள பரற்கற் படையை வெளியே எடுப்பர். அதனை அவர்கள் ‘இல்லம்’ என்பர். கூடையிலிட்டு நீரில் அரித்தால் மாணிக்கம் தங்கும். மாணிக்கத்தோடு சில வேளைகளிற் கல்லாகிப்போன எலும்பும் பல்லும் அகப்படும். அகழ்வோனுக்கு அவை பயனற்ற கழிவு. தெரணியகலவுக்கோ அவையே மாணிக்கம். அக்குழிகளிலிருந்து கிடைத்தவற்றைக் கொண்டு, இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் வாழ்ந்தன என்று அவர் காட்டினார். இலங்கைச் சிங்கத்துக்கு அவர் 1939 இற் பெயரிட்டபோது குருவிட்டையிற் கிடைத்த பற்களே அவர் கையில் இருந்த ஆதாரம்.

இதில் விலங்குகளின் பட்டியலைக் காட்டிலும் பெரியதொரு செய்தி உண்டு. நீர்யானைக்கு ஆழ்ந்த நீர்நிலை வேண்டும். நிறைந்த புல் வேண்டும். ஆகவே அதன் பல் கிடைத்த இடத்தில் இன்றைய நிலமும் நீரும் அன்று வேறாக இருந்தன என்பது பெறப்படும். எலும்பைக் கொண்டு விலங்கையும், விலங்கைக் கொண்டு காட்டையும், காட்டைக் கொண்டு மழையையும் உய்த்துணரும் இம்முறையே அவருடைய ஆராய்ச்சியின் உயிர்நாடி. கதிர்க்கரிமத்தைக் கொண்டு காலத்தை அளக்கும் வழி 1949 இலேதான் உலகுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னரே அவர் பணியைத் தொடங்கிவிட்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

விலங்குகளைத் தேடியவர் மனிதனையும் தேடினார். குருவிட்டைக்கு அண்மையில் உள்ள பட்டதொம்பலெனக் குகையிலும், பின்னர் 1956 முதல் பெல்லன்பெந்திபலஸ்ஸ என்னும் வெளியிடத்திலும் அகழ்ந்து, கற்கால மாந்தரின் என்புகளையும் கருவிகளையும் கண்டெடுத்தார். தடித்த புருவ மேடும் வலிய தாடையும் பெரிய பற்களும் உடைய அம்மாந்தருக்குப் பலாங்கொடை மனிதன் என்று பெயரிட்டார். 1958 இல் இலங்கையின் பிளைத்தோசீன் காலத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

அவர் கூறிய யாவும் நிலைத்துவிடவில்லை. பலாங்கொடை மனிதனைத் தனியொரு கிளையினம் என்று அவர் வகுத்தார். இன்றைய அறிஞர் அவனை நம்மைப் போன்ற மனிதனாகவே கொள்கின்றனர். அவர் பெயரிட்ட விலங்குக் கிளையினங்கள் பலவும் இன்று தனியினங்களாக ஏற்கப்படுவதில்லை. எனினும் போர்ணியோ யானைக்கு 1950 இல் அவர் இட்ட பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. பெயர்கள் மாறலாம்; அவர் குழியிலிருந்து மீட்டுக் குறிப்பெழுதிக் காத்த எலும்பு மாறவில்லை. அக்காப்பே பின்வந்தோருக்கு முதலாயிற்று. அமெரிக்க அறிஞர் கென்னத் கென்னடி அவ்வென்புகளை ஆராய்ந்து, வேடருக்கும் அம்மாந்தருக்கும் உள்ள உடலுறவை எடுத்துக்காட்டினார். தெரணியகலவின் மைந்தர் சிரான் தெரணியகல பட்டதொம்பலெனவை மீண்டும் அகழ்ந்தார். அக்குகையில் 36,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாழ்ந்தமை இன்று தெளிவு. தந்தையார் 1976 இலும் மைந்தர் 2021 இலும் மறைந்தனர்.

ஆராய்ச்சி அதனோடு நிற்கவில்லை. பட்டதொம்பலென முதலிய இடங்களின் மாந்தர் பற்களை வேதியியல் முறையால் ஆராய்ந்த அறிஞர், அம்மக்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என்று 2015 இல் வெளியிட்டனர். மழைக்காடு ஆதி மனிதனுக்கு ஒவ்வாத இடம் என்ற பழைய கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. மேலும், பல்லிற் படிந்து இறுகும் காறையினுள் அக்கால மனிதனின் வாயில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சமும், அவன் உண்ட மாப்பொருளின் துகளும் அடைபட்டிருக்கும். பண்டைச் சூழலையும் மனித உடலில் உறைந்த நுண்ணுயிர்களையும் ஒருங்கே ஆராய்ந்து மனிதன் வளர்ந்த வரலாற்றைத் தெளிவதற்கென்று, கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞருக்கு உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று ஆய்வுப் பதவிகள் வழங்குகின்றன. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் இத்தகைய எச்சங்கள் விரைவில் அழியும். ஆதலால் எஞ்சியவற்றின் மதிப்பு மிகப் பெரிது.

இனி என் காரணத்துக்கு வருகிறேன். துணுக்காய்க்கு வடகிழக்கே இரணைமடு உள்ளது. அக்குளத்தின் பெயரையே நிலவியலார் ஒரு மண்படைக்கு இட்டிருக்கின்றனர். அடியிற் பரற்கல், மேலே காற்றுக் கொணர்ந்த செம்மணல் என அமைந்த அப்படை, வடக்கிலும் தென்கிழக்குக் கரையிலும் காணப்படும். நிலவியலார் வேலண்ட் 1919 இலேயே இலங்கையின் கற்காலங்களைப் பற்றி எழுதினார். சிரான் தெரணியகல தென்கிழக்கே பத்திராஜவெலவில் இப்படையின் பரற்கல்லில் மனிதன் செதுக்கிய கருவிகளைக் கண்டார். அவற்றின் வயது ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகள் என மதிப்பிட்டனர். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன. அக்காலத்தில் வடக்கேயிருந்து நடந்து வந்தோருக்கு மன்னாரும் வன்னியுமே வாயில் என்று எண்ணுதல் பிழையாகாது.

அந்த வன்னியிலேதான் இன்று கிரவல் வெட்டிப் பார ஊர்திகளில் ஏற்றி வீதிக்குப் பரப்புகின்றனர். வீதி வேண்டும், அதனை நான் மறுக்கவில்லை. போரினால் நலிந்த ஊர்களுக்கு வீதி உயிர் போன்றது. ஆனால் வெட்டும் குழியின் சுவரை ஒருவர் அரைநாள் நின்று பார்த்துவிட்டு, பின்னர் மண்ணை ஏற்றினால் வீதி ஒன்றும் தாழ்ந்து போகாது. இரத்தினபுரிக் குழிகளின் ஓரத்தே தெரணியகல இல்லாதிருந்தால் இலங்கைச் சிங்கத்தின் பல்லும் களியோடு களியாய் ஒழிந்திருக்கும். எங்கள் குழிகளின் ஓரத்தே நிற்பதற்கு ஒருவரும் இல்லை.

பலாங்கொடை மனிதன் பேசிய மொழி எது என்று எவரும் அறியார். அவன் எந்த இனத்தாருக்கும் உறுதிப்பத்திரம் எழுதி வைத்துச் செல்லவில்லை. ஆதலின் அவனைத் தேடுவதில் நமக்குள் வழக்குக்கு இடமில்லை. எங்கள் பாடசாலை மாணவர் ஒருவர் நாளை அறிவியல் கற்று, தெரணியகல தொட்ட பணியை வன்னியின் செம்மண்ணிலே தொடங்குவாராயின், அப்பெரியாருக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை. அதற்குள் பார்ப்பதற்கு மண் எஞ்சியிருக்க வேண்டும். கிரவற் குழியில் ஒழுங்காகச் செதுக்கிய கல்லோ, கல்லாகிய எலும்போ கண்டால் அதை எறிந்துவிடாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, அருகிலுள்ள ஆசிரியரிடமோ தொல்லியற் துறையினரிடமோ அறிவிக்குமாறு ஊரவரை வேண்டுகிறேன்.