கரும்பு வயலிலிருந்து அமைதிப் பள்ளத்தாக்குவரை: ஜானகி அம்மாள்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண் விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் வைத்தியர் என்பதால் மருத்துவத்துறையில் ஒருவரைத் தெரிவுசெய்வேன் என்று எண்ணியிருப்பார்கள். நான் தெரிவுசெய்தவர் தாவரவியலாளரான ஈ. கே. ஜானகி அம்மாள். காரணத்தை முடிவில் சொல்கிறேன்.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4ஆம் திகதி கேரளத்தின் தலசேரியில், பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் பணியாற்றியவர். தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு கொண்டவர். சகோதரிகள் ஒவ்வொருவராகத் திருமணமாகிச் செல்ல, இவர் படிப்பைத் தெரிவுசெய்தார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னை இராணிமேரிக் கல்லூரியிலும் பின் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது புலமைப்பரிசில் கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதுமென்று கருதப்பட்ட காலம் அது.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் இந்தியக் கரும்பு வரட்சியைத் தாங்கினாலும் இனிப்பிற் குறைந்திருந்தது. இனிப்பு மிகுந்த பிறநாட்டுக் கரும்புக்கோ இந்தியக் காலநிலை ஒத்துவரவில்லை. இரண்டின் நற்குணங்களையும் ஒரே பயிரிற் சேர்ப்பதே அந்நிலையத்தின் வேலை. எந்தத் தாவரம் எதனோடு கலக்கும் என்பதை அறிய நிறமூர்த்தங்களை எண்ண வேண்டும். கரும்பின் காட்டு உறவினமான நாணலின் நிறமூர்த்தங்களை அம்மையார் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். கரும்பைச் சோளம் முதலான வேறு புற்களோடும் கலந்து பார்த்தார். பெண் என்பதாலும், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதாலும் அவருக்குரிய மதிப்பு எளிதில் கிடைக்கவில்லை என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

பின்னர் இங்கிலாந்து சென்றார். 1940 முதல் இலண்டனில், குண்டுகள் விழுந்த இரவுகளுக்கிடையே ஆய்வைத் தொடர்ந்தார். டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய பயிர்த்தாவர நிறமூர்த்த அட்டவணை நூல் 1945இல் வெளிவந்தது. தாவரவியலாளர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்த நூல் அது. அதன்பின் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் பணிபுரிந்தார். அங்கு அவர் ஆராய்ந்த மக்னோலியா இனங்களுள் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கிப் பூக்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவைத் திணைக்களத்தைச் சீரமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் தாவரங்களை நாட்டவரே, அவை வளரும் இடத்திலேயே படிக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

அவரது சிந்தனை திரும்பிய இடமும் இதுவே. உணவு உற்பத்தியைப் பெருக்கும் முயற்சியில் நாடெங்கும் காடுகள் அழிந்துகொண்டிருந்தன. ஒருமுறை, அஸ்ஸாமின் ஒரு பகுதியில் எஞ்சியிருந்த ஒரேயொரு மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். போய்ச் சேர்ந்தபோது அது எரிக்கப்பட்டிருந்தது. விளைச்சலைக் கூட்டவே இளமையில் உழைத்தவர், அந்த விளைச்சலுக்குக் கொடுக்கும் விலையை நேரில் கண்டார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதர் பூமியின் முகத்தை மாற்றும் விதம் பற்றி நடந்த சர்வதேச ஆய்வரங்கில், இந்தியக் கிராம மக்களும் காட்டுவாசிகளும் நடத்திவந்த தன்னிறைவு வாழ்க்கையைப் பற்றி உரை நிகழ்த்தினார். எந்தக் கிழங்கை எப்போது தோண்டலாம், எந்த இலை எந்த நோய்க்கு உதவும் என்ற அவர்களது அறிவையும் ஆராய்ச்சிக்குரியதாகவே அவர் மதித்தார்.

1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் இணைந்து, மதுரவாயலிலிருந்த அதன் கள ஆய்வுகூடத்தில் மூலிகைகள் வளர்த்து எளிமையாக வாழ்ந்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வேளையில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. எண்பது வயதைக் கடந்திருந்த அம்மையார் எதிர்ப்போருடன் சேர்ந்து, அந்தக் காட்டுத் தாவரங்களின் நிறமூர்த்த ஆய்விலும் இறங்கினார். வெள்ளத்தில் மூழ்கவிருப்பது என்னவென்று பதிவாகட்டும் என்பது அவர் எண்ணம். 1984 பெப்ரவரி 7ஆம் திகதி மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசிய பூங்காவாகப் பிரகடனமானது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். புத்தளம் களப்போரத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் மரங்கள் வெட்டப்பட்டதை என் வயதினர் கண்ணாற் கண்டிருக்கிறோம். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன. கண்டல் திரும்பவில்லை, அதன் வேர்களுக்கிடையே வளரும் மீன்குஞ்சுகளுக்கு இடமுமில்லை. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலிலே மிளகாய்க்கும் மரக்கறிக்கும் இடும் பசளையில் ஒரு பங்கு நீரோடு இறங்கி, ஆழமற்ற கிணறுகளைச் சேர்கிறது. அந்நீரில் நைத்திரேற்று மிகுந்தால், புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போகலாம். தாய்மாரிடம் முதலில் நான் கேட்பது, தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து என்பதைத்தான்.

விவசாயமும் வேண்டும், தொழிலும் வேண்டும். ஜானகி அம்மாள் அவற்றை மறுத்தவரல்லர். கரும்பில் தொடங்கியவர் அவர். எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று இரண்டையும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையே அவர் விட்டுச் சென்றார். நம் பாடசாலையின் உயிரியல் வகுப்பிலே இன்று நுணுக்குக்காட்டியைத் தொடும் தங்கைமாரில் ஒருத்தி, ஒருநாள் நம் களப்பையும் கிணறுகளையும் அவ்விதமே எண்ணிப் பார்த்து எழுதுவாளாயின், அதை வாசிக்க உலகின் எந்த மூலையில் இருந்தாலும் நாம் காத்திருப்போம்.