தமிழில் கல்வெட்டு வைத்த சீனத் தளபதி

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துப் பொறித்த கல். 1409ஆம் ஆண்டு சீனாவில் செதுக்கி, கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டு வரப்பட்டது. கொண்டு வந்தவர் செங் ஹோ.

சீனா இன்றும் அண்டை நாடுகளுடன் நட்புப் பேசும்போது இவருடைய பெயரைத்தான் முதலில் சொல்கிறது. யார் இந்த செங் ஹோ?

சிறைப்பட்ட சிறுவன்

1371ஆம் ஆண்டு, சீனாவின் தென்மேற்கிலுள்ள யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது மிங் பேரரசின் படை யுன்னானைப் பிடித்தது. தந்தை இறந்தார். சிறைப்பட்ட சிறுவனின் ஆண்மையை நீக்கி, ஓர் இளவரசரிடம் ஊழியம் செய்ய அனுப்பினார்கள்.

ஊரையும் உறவையும் இழந்தவர் எஜமானரின் போர்களில் துணை நின்று பெயர் வாங்கினார். 1402ல் அந்த இளவரசர் அரியணையைக் கைப்பற்றி யோங்லோ பேரரசர் ஆனார். ஊழியருக்கும் யோகம் பிறந்தது. செங் என்ற குடும்பப் பெயரே பேரரசர் தந்த பரிசுதான்.

ஏழு கடற்பயணங்கள்

1405 முதல் 1433 வரை ஏழு முறை கடலோடினார். முதல் பயணத்தில் மட்டும் சுமார் 27,000 பேர் உடன் சென்றனர். வாஸ்கோடகாமா மூன்றே கப்பல்களுடன் கள்ளிக்கோட்டைப் பகுதிக்கு வந்தது 1498ல். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே செங் ஹோ அங்கு வந்து போய்விட்டார்!

பட்டும் பீங்கானும் வெகுமதியாகக் கொடுத்தார். பதிலுக்கு அந்நாட்டு மன்னர்கள் சீனப் பேரரசரைப் பெரியவராக ஏற்று, தூதரையும் காணிக்கையையும் அனுப்ப வேண்டும். ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி கூடச் சீன அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. சயாமுக்கு அஞ்சிய மலாக்கா, சீனாவின் நிழலில் வளர்ந்தது.

ஒரு கையில் பரிசு, மறு கையில் வாள்

இலங்கைக் கல்லில் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஏறக்குறைய ஒரே பட்டியல். யார் மனமும் கோணாத ஏற்பாடு. கடல் வாணிகத்தில் தமிழுக்கு இருந்த மதிப்புக்கும் அது சாட்சி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே இலங்கையில் அழகேஸ்வரன் என்ற ஆட்சியாளனுக்கும் அவருக்கும் மோதல் வந்தது. செங் ஹோவின் படை கோட்டைக்குள் புகுந்து அவனைப் பிடித்தது. 1411ல் அவனைக் கைதியாகச் சீனாவுக்குக் கொண்டு போனார். பேரரசர் அவனை விடுவித்தாலும், வேறொருவரை மன்னராக்க ஆணையிட்டார். காணிக்கை கொடுத்த கைதான் விலங்கும் மாட்டியது.

1433 வாக்கில், கடைசிப் பயணத்தின்போதே செங் ஹோ காலமானார் என்பது பலர் கருத்து. பிறகு சீனா பெருங்கடற்பயணங்களைக் கைவிட்டது. அந்தக் கல்லும் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்து, 1911ல்தான் வெளிப்பட்டது.

மீண்டும் அவர் பெயர்

2005ல் முதல் பயணத்தின் 600ஆம் ஆண்டைச் சீனா பெருவிழாவாகக் கொண்டாடியது. 2013ல் இந்தோனேசிய நாடாளுமன்றத்தில் கடல்வழிப் பட்டுப்பாதைத் திட்டத்தை அறிவித்த அதிபர் ஷி ஜின்பிங், செங் ஹோவை நினைவுகூர்ந்தார். 2017ல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. தெனாவரை நாயனார் கோயில் கொண்டிருந்ததும் அதே தென்கரையில்தான்.

சீனா சொல்லும் செங் ஹோ, பரிசு சுமந்து வந்த நண்பர். அது பொய்யல்ல, பாதி உண்மை. கல்லில் உள்ள காணிக்கைப் பட்டியலைப் படிப்பவர்கள், கைதியாகக் கப்பலேறிய அழகேஸ்வரனையும் சேர்த்தே நினைவில் வைப்பது நல்லது.